அகரவரிசையில் ஓடிய தண்ணீர்

அந்த அட்டவணையைச் செய்தது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அலுவலகத்தில் இன்றுவரை அதைக் "கொம்பியூட்டர் விட்ட பிழை" என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், விவசாயிகளின் காரியங்களைப் பார்க்கும் ஒரு சிறிய அரச அலுவலகத்தில் அப்போது நான் வேலை செய்தேன். வீடு நகரப் பக்கம். காலையில் வலையிறவுப் பாலத்தைக் கடக்கும் பஸ்ஸில் போய், பின்னேரம் அதே வழியாகத் திரும்புவேன். என் பதவியின் பெயர் நீளமானது. செய்த வேலை பெரும்பாலும் தட்டச்சு. கணினி தெரிந்தவள் என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால் அதன்பிறகு வேறு எதுவும் தெரிந்தவளாக யாரும் உங்களை நினைக்கமாட்டார்கள்.

அந்தச் சிறுபோகத்தில், அதாவது கோடைகால நெற்செய்கையில், குளத்தில் தண்ணீர் குறைவு. எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் விடமுடியாது, முறைவைத்துத்தான் விடவேண்டும் என்று விவசாயிகளின் கூட்டத்தில் முடிவாயிற்று. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்வெளியை இங்கே வட்டை என்போம். நான் சொல்லும் வட்டையில் முப்பத்தொரு பேர். அவர்கள் அந்தக் கூட்டத்தில் இரண்டு மணித்தியாலம் சண்டைபிடித்து ஒரு ஒழுங்குக்கு வந்தார்கள். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயலுக்கு முதல் தண்ணீர். அங்கிருந்து ஒவ்வொன்றாக மேலே வரவேண்டும். மேலே உள்ளவர்கள் முதலில் எடுத்தால் கடைசி வயலுக்கு ஒருநாளும் போய்ச் சேராது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மேல்வயல்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு சம்மதித்தார்கள். கூட்டக் குறிப்பை எழுதியது நான்.

மறுவாரம் வட்டவிதானையிடமிருந்து என் கைத்தொலைபேசிக்கு வட்சப்பில் பட்டியல் வந்தது. வட்டவிதானை என்பவர் அந்த வட்டையின் தண்ணீருக்கும் வரம்புக்கும் பொறுப்பாக விவசாயிகளே தெரிவுசெய்த மனிதர். வரிக்கு ஒருவராக முப்பத்தொரு வரி. பெயர், ஒரு கமா, காணித்துண்டு, ஒரு கமா, ஏக்கர். எண் போட்டிருக்கவில்லை. முதல் வரியில் இருப்பவருக்கு முதல் தண்ணீர் என்பதை அவர் தனியாக எழுதவில்லை. எழுதவேண்டிய தேவை இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்காது.

"இத ஒரு டேபிளாக்கித் தாங்க மிஸ்," என்றார் என் மேலதிகாரி. "கோடு போட்டு, தலைப்புக்கு நிறம் குடுத்து. போன முறை மாதிரி வெறும் பட்டியலா அனுப்பினா மாவட்டத்துல சிரிப்பாங்க."

பட்டியலை அலுவலகக் கணினியில் அடித்து முடித்தேன். வரிகளைத் தெரிவுசெய்து, அட்டவணையாக மாற்று என்று சொல்லி, கமா வரும் இடத்தில் வெட்டு என்று கட்டளை கொடுத்தால் ஒரு நொடியில் முடிகிற வேலை. எனக்கு அரைநாள் போயிற்று. காரணம், எங்கள் அலுவலகம் விடாப்பிடியாக வைத்திருந்த பழைய எழுத்துரு. அதில் திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். தமிழ் இ என்ற எழுத்து கமா விசையில் ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கமாவோ வேறொரு விசையில். நான் கமாவில் வெட்டச் சொன்னேன். அது உண்மையான கமாக்களை எல்லாம் விட்டுவிட்டு ஒவ்வொரு இ-யிலும் வெட்டியது. நான்கு பேர் முதலெழுத்தை இழந்து அடுத்த பெட்டிக்குள் போய் விழுந்தார்கள். தலைப்பில் இருந்த 'துண்டு இல.' உடைந்து 'துண்டு' ஒரு பெட்டியிலும் 'ல.' அடுத்த பெட்டியிலும் நின்றன.

பழைய வரிகளுக்கே திரும்பி, கமாக்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இடங்களில் டேப் என்னும் தாவல் விசையை அடித்து, மறுபடியும் மாற்றினேன். பெயர், துண்டு, ஏக்கர் என்று மூன்று நிரல்களும் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன. முகத்தில் சிரிப்போடு மேலதிகாரியைக் கூப்பிட்டேன்.

அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "பேரெல்லாம் தாறுமாறாக் கிடக்கு. அகரவரிசையில போடுங்க."

"சேர், இது தண்ணி போற ஒழுங்கு. கடைசி வயல்ல இருந்து மேல வருது."

"ஒழுங்கு அவங்களுக்குத் தெரியுந்தானே. நமக்குப் பட்டியல் வடிவா இருக்கோணும். எந்தப் பட்டியலும் அகரவரிசையில வரோணும் எண்டு மேல இருந்து சொல்லியிருக்கு."

நான் ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. மணி நான்கைத் தாண்டியிருந்தது, என் பஸ் நாலரைக்கு. வரிசைப்படுத்தும் பொத்தானை அமத்தினேன். முப்பத்தொரு பேரும் கண்மூடித் திறப்பதற்குள் இடம் மாறிப்போனார்கள். பிறகு அவர் சொன்னபடி இடது ஓரத்தில் இல. என்று ஒரு நிரல் சேர்த்து, ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை எண் கொடுத்தேன். அந்த எண்கள்தான் எல்லாவற்றையும் கெடுத்தன. எண் இல்லாத பட்டியலைப் பார்ப்பவர் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்பார். ஒன்று, இரண்டு என்று போட்டிருந்தால் கேட்கமாட்டார்.

மேலதிகாரி கையெழுத்து வைத்தார், முத்திரை குத்தினார். ஒரு பிரதி அறிவித்தல் பலகைக்குப் போனது. இன்னொன்று மடைகளைத் திறந்து மூடும் தொழிலாளியின் கைக்குப் போனது. அவர் அந்த மாதந்தான் வேறு இடத்திலிருந்து மாறிவந்தவர். வட்டை அவருக்குப் புதிது. எல்லாம் தெரிந்த வட்டவிதானையோ மோட்டார் சைக்கிளால் விழுந்து கால் முறிந்து, நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

தொழிலாளி காகிதத்தில் உள்ளபடியே திறந்தார். ஒன்றாம் இலக்கத்துக்காரரின் வயல் வாய்க்காலின் நடுவில், இரண்டாம் இலக்கம் மேலே, மூன்றாவது கீழே. ஒவ்வொரு முறையும் வாய்க்காலின் காய்ந்த பகுதியை நனைத்துக்கொண்டே தண்ணீர் அங்குமிங்குமாக அலைந்தது. சிலர் போய்க் கேட்டிருக்கிறார்கள். "கந்தோர்ச் சீல் இருக்கு பாருங்க," என்று அவர் காகிதத்தில் இருந்த அலுவலக முத்திரையைக் காட்டியிருக்கிறார். அவரையும் குறைசொல்ல முடியாது. மேல்வயல்காரர்கள் சிலருக்கு இது வசதியாகவும் இருந்தது. அவர்கள் வாய் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் வந்தாள். வாய்க்காலின் கடைசி வயல் அவளுடையது. என் வயதுதான் இருக்கும். கணவன் வெளிநாட்டில் வேலை. வேளாண்மையை அவளே பார்த்தாள். காலில் சேறு இல்லை, புழுதிதான் இருந்தது. அறிவித்தல் பலகையிலிருந்து கிழித்து எடுத்த அட்டவணை கையில்.

"மிஸ், இது ஆரு அடிச்சது?"

"நான்தான்."

"எண்ட வயல் எங்க கிடக்கு எண்டு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். கடைசியில."

"தெரியுமா!" அவள் குரல் உயர்ந்தது. "கடைசி வயலுக்கு முதல் தண்ணி எண்டு பேசினம். நீங்கதானே மேசையில குந்தியிருந்து எழுதின நீங்க? பயிர் குடலையில நிக்கிது. கதிர் வெளியில வாற நேரம். வயல் வெடிச்சுக் கிடக்கு. வந்து பாருங்க, உங்கட கால் உள்ள போகும்."

சத்தம் கேட்டு மேலதிகாரி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"தங்கச்சி, கொம்பியூட்டர்ல அகரவரிசைக்குப் போட்டா அப்பிடித்தான் மாறும். மெசினுக்கு வாய்க்கால் தெரியுமா?"

"மெசினுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாதா?" என்றாள் அவள். பிறகு காகிதத்தை மேசையில் விரித்து விரலை வைத்தாள். "சரி, அகரவரிசை எண்டே வெச்சுக்கொள்ளுவம். எண்ட பேர் அ-வில துவங்குது. நான்தானே முதல்ல நிக்கோணும்? ஏன் இருவத்திரெண்டாவது?"

மேலதிகாரி என்னைப் பார்த்தார். நான் அட்டவணையைப் பார்த்தேன். இ-யில் தொடங்கிய நான்கு பேர் முதலில், பிறகு யா. அடுத்து ந, பிறகு க, ப, த, ம. அதன்பிறகுதான் அ. பழைய எழுத்துருவில் அ இருப்பது ஆங்கில எம் விசையில். கணினி அந்த ஆங்கில விசைகளைத்தான் வரிசைப்படுத்தியிருந்தது. நாங்கள் தண்ணீரின் ஒழுங்கைக் கொன்றுவிட்டு அகரவரிசையைக்கூட வைக்கவில்லை. எந்த மொழியிலும் இல்லாத ஒரு வரிசையில் முப்பத்தொரு குடும்பங்களின் வயலுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கையெழுத்து வைத்தவர் பார்க்கவில்லை. முத்திரை குத்தியவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஒன்பது நாள் பலகையில் தொங்கியதை, வயல் காய்ந்தவள் வந்து பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

கைத்தொலைபேசியை எடுத்து வட்டவிதானையின் செய்தியை மேலதிகாரிக்குக் காட்டினேன். "சேர், சரியான ஒழுங்கு இந்தா கிடக்கு. இப்பவே திருத்தித் தாறன்."

"போன்ல வாறதெல்லாம் ஆவணமா? சீல் வெச்ச கடிதம்தான் ஆவணம்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அவள் காகிதத்தை மடித்தாள். "ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துல கூட்டம். அங்க வந்து சொல்லுங்க, ஆரு செஞ்சதெண்டு." என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அவள் போனதும் புதிய அட்டவணை ஒன்றைச் செய்தேன். இந்தமுறை மாற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் என் கையால் எண்ணை அடித்தேன். தலைப்பில் 'தண்ணீர் முறை' என்று போட்டேன். அச்செடுத்துக் கொண்டுபோய் வைத்தேன். அவர் பேனையைத் தொடவில்லை.

"திருத்தம் எண்டு ஒண்டு போனா முதல்ல போனது பிழை எண்டு ஆகும்."

"பிழைதானே சேர்."

"சின்னப்பிள்ள மாதிரிக் கதைக்காதீங்க மிஸ். இன்னும் நாலைஞ்சு நாள்ல அந்தத் தங்கச்சிட முறை வருது. அதோட விட்டுருவாங்க."

நாலைந்து நாளில் பயிரே முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதைச் சொன்னார். காகிதத்தை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்து, இன்னொரு பிரதி எடுத்து என் பைக்குள் வைத்தேன்.

ஞாயிறன்று பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. ஊன்றுகோலோடு வட்டவிதானையும் வந்து முன்வரிசையில் இருந்தார். மேலதிகாரி எழுந்து தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றி நீளமாகப் பேசினார். கடைசியில், "கொம்பியூட்டர்ல சின்ன ஒரு கோளாறால பட்டியல் கொஞ்சம் மாறிப்போச்சு," என்றார்.

நான் எழுந்தேன். பேச்சு எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"கொம்பியூட்டர் மாத்தயில்ல. நான்தான் மாத்தினன். விதானையார் அனுப்பின ஒழுங்கு சரியாத்தான் இருந்தது. அகரவரிசையில போடச் சொல்லி சேர் சொன்னார். அது பிழை எண்டு தெரிஞ்சுகொண்டே நான் போட்டன். திருத்தின பட்டியல் மூண்டு நாளா சேருட மேசையில கிடக்கு. கையெழுத்து வைக்கயில்ல."

மண்டபம் வெடித்தது. அவரைப் பார்த்துக் கத்தியவர்களில் பாதிப்பேர் என்னைப் பார்த்தும் கத்தினார்கள். "தெரிஞ்சுகொண்டா செஞ்ச நீங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டார். வட்டவிதானை ஊன்றுகோலால் மேசையில் தட்டி எல்லோரையும் அடக்கினார். "கத்தினது காணும். பட்டியல் எங்க?" என்று கேட்டார். என் பைக்குள் இன்னொரு பிரதி இருந்தது. நீட்டினேன். அத்தனை பேருக்கும் முன்னால் மேலதிகாரியால் மறுக்க முடியவில்லை. மாணவர் மேசை ஒன்றில் குனிந்து கையெழுத்து வைத்தார்.

அன்றே மேல்மடைகளை மூடினார்கள். மறுநாள் மத்தியானம் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. போக முகம் இல்லை.

அடுத்த வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பொதுக்கூட்டத்தில் மேலதிகாரிக்கு அவமரியாதை ஏற்படும் வகையில் நடந்துகொண்டமைக்கு விளக்கம் தரவேண்டுமாம். தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பயிரைப் பற்றியும் இல்லை. நடந்ததை நான்கு வரியில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் வாவிக்குக் கிழக்கே ஓர் அலுவலகத்துக்கு இடமாற்றம் வந்தது. வீட்டுக்குப் பக்கம், அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் அதே கதிரையில் இருக்கிறார். அந்தப் பழைய எழுத்துருவும் அங்கேயே இருப்பதாகக் கேள்வி.

அறுவடை முடிந்து சில வாரம் கழித்து, காத்தான்குடியில் ஒரு துணிக்கடையில் அவளைக் கண்டேன். பள்ளிச் சீருடைக்கு வெள்ளைத் துணி பார்த்துக்கொண்டு நின்றாள். விலகிப் போய்விட நினைத்தேன். அதற்குள் அவள் கண்டுவிட்டாள்.

"வேளாண்ம வெட்டின நீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம், வெட்டினன். மேல்பாதி தேறிச்சு. கீழ்ப்பாதி முழுக்கச் சப்பி. கதிர் நிக்கிது, உள்ள ஒண்டும் இல்ல."

அவள் விரல்களுக்கு நடுவில் இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கூட்டத்துல நீங்க ஒழும்பிச் சொன்னது நல்லம் மிஸ்," என்றாள். "ஆனா பட்டியல் அடிச்ச அண்டைக்கே நீங்க சேருக்குச் சொல்லியிருக்கோணும்."

"அண்டைக்கும் சொன்னன்."

"சொன்னா மட்டும் காணாது. பொத்தான அமத்தாம இருந்திருக்கோணும்."

அவள் கடைக்காரரிடம் திரும்பி வேறொரு துணியை எடுத்துப் போடச் சொன்னாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் ஒருத்தி எழுந்து நின்றேனே, கடிதம் வாங்கினேனே, இடமாற்றம் வாங்கினேனே, இதெல்லாம் போதாதா என்று. வாங்க வந்ததை வாங்காமல் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் வந்து, ஏறி, இடம் கிடைத்து உட்காரும்வரை அந்தக் கோபம் அவள்மேல்தான் இருந்தது. வழியில் கல்லடி வருவதற்குள் அது அவளை விட்டுப் போய்விட்டது. அவள் சொன்னது சரி. பட்டியலை அடித்த அன்று நாலரை பஸ்ஸைத் தவறவிட்டிருந்தாலும் ஐந்தரைக்கு இன்னொன்று இருந்தது.