ஒரு சென்டிமீட்டர் எங்கே போனது?

தெருவில் எல்லாரும் அவளை 'அச்சு அசல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். கோணல்மாணலாக ஒரு தாள்கூட அவள் கையிலிருந்து போனதில்லை. அப்படிப்பட்டவள்தான் நாத்தனாரின் செருப்பு விஷயத்தில் தலை கிறுகிறுத்துப் போனாள்.

நாத்தனாருக்கு வலது பாதத்தைவிட இடது பாதம் அகலம். கடைச் செருப்பு எதுவும் சேராது. வீட்டுக்கு வந்திருந்தபோது அவரை ஒரு பெரிய அட்டைமேல் நிற்க வைத்து, பென்சிலால் பாதங்களைச் சுற்றி வரைந்துகொண்டாள். குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனிவரை சரியாக இருபத்தைந்து சென்டிமீட்டர். "அளவா தைக்கச் சொல்லி அனுப்பி வைக்கிறேன் அண்ணி" என்று வாக்கும் கொடுத்தாள்.

இரண்டு பாதமும் ஒரே தாளில் அடங்கவில்லை. எண்பது சதவீதத்துக்குக் குறைத்து நகல் எடுத்தாள், கச்சிதமாக உட்கார்ந்தது. அதுதான் நகல் இருக்கிறதே என்று அவள் கணவர் அட்டையை வெட்டி அலமாரித் தட்டில் விரித்துவிட்டார்.

செருப்பு தைப்பவர் நகலைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, சின்னப் பிள்ளைக்கா? எனக்கு உள்ளது உள்ளபடி வேணும்."

அதற்கென்ன, இருபது குறைத்தோம், இருபது கூட்டினால் தீர்ந்தது என்று நூற்றிருபதை அமுக்கினாள். பெரிய தாளில் பாதங்கள் விழுந்தன. அவர் அதன்படியே தைத்துக் கொடுத்தார்.

செருப்பை அனுப்பிப் பத்தாம் நாள் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. "ஏம்மா, இது என் காலுக்குத்தானா? கட்டைவிரல் வெளிய எட்டிப் பாக்குது!"

இருபத்தைந்து சென்டிமீட்டர் இருக்க வேண்டுமே என்று அவள் செருப்பு தைப்பவரிடம் ஓடினாள். அவர் தாளில் டேப்பை வைத்துக் காட்டினார். இருபத்துநாலு.

"நான் நூல் பிசகாம வெட்டியிருக்கேன். உன் தாள்லயே ஒண்ணு குறையுதே, நான் என்ன பண்ண?"

எடுத்ததைத்தானே திருப்பிக் கொடுத்தோம், நடுவில் ஒரு சென்டிமீட்டரை யார் தின்றது? மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். "நூறு போட்டா நூறு வருது. மெஷின் மேல பழி போடாதீங்க" என்று போய்விட்டார். காகிதம் சுருங்கியிருக்கும் என்றார் கணவர். நாத்தனாரோ, "என் கால்தான் வீங்கிப் போச்சோ என்னவோ" என்று பயந்தே போனார்.

மறுநாள் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டராக ஒரு சதுரம் வரைந்தாள். எண்பது போட்டாள், எட்டானது. அந்த எட்டை வைத்து நூற்றிருபது போட்டாள். ஒன்பது புள்ளி ஆறு. மறுபடி எடுத்தாள். அதே ஒன்பது புள்ளி ஆறு.

ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். பத்தில் இருபது சதவீதம் என்றால் இரண்டு. எட்டில்? ஒன்று புள்ளி ஆறுதான். எட்டு பத்தாக வேண்டுமானால் இரண்டு வேண்டும். இரண்டு என்பது எட்டில் கால் பங்கு. நம்பிக்கையில்லாமலேதான் நூற்றிருபத்தைந்தை அமுக்கினாள். வந்த சதுரத்தை முதல் சதுரத்தின்மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கோட்டின்மேல் கோடு.

பாதங்களின் எண்பது சதவீத நகலைத் தேடி எடுத்து, அதே நூற்றிருபத்தைந்தில் பெரிதாக்கிக் கொடுத்தாள். இரண்டாவது ஜோடி நாத்தனாருக்குப் பொருந்திவிட்டது.

ஆனால் அவளுக்குக் குழப்பம் விடவில்லை. அந்தச் சதுரத்தை ஐம்பது சதவீதத்துக்குக் குறைத்துப் பார்த்தாள். பாதியாகத்தானே குறைத்தோம், இரண்டு வைத்தால் பழைய சதுரம் நிரம்ப வேண்டாமா? இரண்டு வைத்தாள், பாதி காலியாகக் கிடந்தது. நாலு வெட்டி ஒட்டிய பிறகுதான் நிரம்பியது.

"ஏங்க, பாதியாக்கினா கால்வாசி ஆகுதுங்க" என்று கணவரிடம் சொன்னாள்.

"உனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்" என்றார் அவர்.

போன வாரம் ஒருவர் ஒரு படத்தை நீட்டி, "இதைப் பாதியா எடுத்துக் குடுங்க" என்றார்.

"நீளம் பாதியாகணுமா, அடைக்கிற இடம் பாதியாகணுமா?"

அவர் விழித்தார். "பாதின்னா பாதிதானேம்மா?"

"நானும் அப்படித்தாங்க நெனச்சிட்டிருந்தேன்" என்றபடி அவள் ஸ்கேலைத் தேடினாள்.