மருத மரத்துப் பூ

"இந்தா, ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்."

சொல்லி முடிப்பதற்குள் பாதையை விட்டு விலகிச் சரிவில் கால் வைத்துவிட்டாள் சுப்பம்மாள். முன்னால் இறங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் ராஜகுரு பல்லைக் கடித்தார். சதுரகிரியில் சித்திரை அமாவாசைக்குச் சாமி கும்பிட்டுவிட்டுப் பரளச்சி ஊர்க்காரர்கள் கூட்டமாகத் திரும்பும் வழி. உச்சியில் வானம் கறுத்துக் கிடந்தது. அடிவாரம் சேர ஓர் ஓடையைத் தாண்டியாக வேண்டும்.

ஊர்க் கரிசலில் பருத்திக்கு நடுவே எது முளைத்தாலும் அவளுக்குக் களைதான். ஈவிரக்கம் பார்க்காமல் பிடுங்கி எறிவாள். மலையேறினால் ஆளே மாறிவிடுவாள். இலை உதிர்த்து மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் கோங்க மரத்தை, "நம்ம பருத்திக்கு அக்கா மாதிரி இருக்கா" என்பாள். வெட்பாலையின் வெள்ளைக் கொத்திடம், "போன வருசம் எங்கத்தா போயிருந்த?" என்று விசாரிப்பாள். ஒன்றையும் பறிக்கமாட்டாள். யாராவது பறித்துக் கொடுத்தாலும், "அது பாட்டுக்கு இருந்திருக்குமே" என்று முகம் சுண்டிப்போவாள்.

ராஜகுருவுக்கு இது அறவே பிடிக்காது. "சாமியப் பாக்க வந்தியா, செடியப் பாக்க வந்தியா?"

இந்த முறை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில், அவளை இழுத்தது, ஓடைக்கு இக்கரையில் மருத மரத்தின் கவட்டில் ஒட்டி நின்ற ஒரு பூ. பழுப்பு இதழ்களில் கண்டாங்கிச் சேலைக் கட்டம். நடுவே ஊதா நாக்கு. அவள் அண்ணாந்து நிற்கையில் மேலே இடி உருண்டது. கூட்டம் பதறி ஓடையில் இறங்கியது. பின்னால் வருகிறாள் என்று நினைத்த ராஜகுரு அக்கரை ஏறித்தான் திரும்பிப் பார்த்தார். காணோம்.

"ஏ புள்ள!"

தண்ணீர் நிறம் மாறிக்கொண்டிருந்தது. பக்கத்துப் புஞ்சைக்காரர் சோணைமுத்து அவர் துண்டைப் பிடித்து இழுத்தார். "எறங்காதீக அண்ணே, மேல மழை விழுந்திருச்சு!"

துண்டை அவர் கையிலேயே விட்டுவிட்டு ராஜகுரு இறங்கினார். நடு ஓடையில், சருகும் செம்மண்ணுமாக வந்த வெள்ளம் மோதியது. பாறையில் கால் வழுக்க, தண்ணீர் அவரை மருத மரத்தின் பக்கம் அடித்து வந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த சுப்பம்மாள், மருத வேரை ஒரு கையால் பற்றிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். காய்த்துப்போன மறு கை அவர் மணிக்கட்டைக் கவ்வியது. வெள்ளம் இழுத்தது. அவள் விடவில்லை.

இருவரும் கரையில் வந்து விழுந்தார்கள்.

"நீங்க எதுக்குத் திரும்பி வந்தீக?" என்றாள், அவர் மணிக்கட்டை விடாமலே.

"பெறகு? விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

ஓடை வடியும்வரை அந்த மரத்தடியை விட்டால் போக்கிடமில்லை. ராஜகுரு மேலே பார்த்தார்.

"இதுக்குத்தானா?"

அவள் வசவுக்குக் காத்துத் தலை குனிந்தாள்.

"மண்ணே இல்லாம வேரு புடிச்சிருக்கு" என்றார், மழையை நம்பியே விதைத்துப் பழகிய மனுஷர். "தண்ணிக்கு எங்க போகும்?"

"தெரியல. அதுவும் வானத்தப் பாத்துத்தான் இருக்கும்போல."

அவர் இன்னும் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளம் இறங்கியதும் கைகோத்துக் கடந்தார்கள். அக்கரையில் காத்திருந்த சோணைமுத்து திட்டித் தீர்த்தார். சுப்பம்மாள் நிமிரவே இல்லை. பாதையை மட்டும் பார்த்து, விரசலாக நடந்தாள்.

ஒரு திருப்பத்தில், முன்னால் போன ராஜகுரு நின்றார். அவள் பக்கம் முகத்தைத் திருப்பாமலே, பாறை இடுக்கில் பூத்திருந்த ஏதோ ஒன்றை நோக்கிக் கையை நீட்டி, அவள் வந்து பார்க்கும்வரை அப்படியே நின்றார்.