எழுபதாம் நம்பர் மெமரி

பரிபூரணம் ஒரு நூலை விரலில் உருட்டிப் பார்த்து நம்பர் சொன்னால் தராசும் அதையே சொல்லும் என்பார்கள். அதில் கொஞ்சம் மிகை உண்டு, ரொம்ப இல்லை. ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில் ஒன்றின் லேபில் பதினான்கு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. ஒரு பவுண்டு பஞ்சில் எத்தனை சிட்டா, அதாவது எண்ணூற்று நாற்பது கஜச் சுருள், நூல் இழுக்க முடியுமோ, அதுதான் அந்த நூலின் நம்பர். நாற்பதைவிட அறுபது மெலிசு, அறுபதைவிட எழுபது மெலிசு. நம்பர் ஏற ஏற நூலுக்கு மவுசு. இதை அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தண்ணீரோடு குடித்துவிடுகிறார்கள்.

1996-ல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மெட்ராஸில் ஒரு கம்பெனி முழுசாகப் பூட்டி அட்டைப்பெட்டியில் அனுப்பிய மெஷின். மானேஜர் சௌந்தரபாண்டியன், "நம்பரோட பழகின புள்ள, நம்பர் போடுற மெஷினையும் அதுவே பாத்துக்கிடட்டும்" என்று பரிபூரணத்தை அதன் முன்னால் உட்காரவைத்தார். ராத்திரி ஷிப்டில் எந்த மெஷினில் எத்தனை இழை அறுந்தது என்ற ரிப்போர்ட் காலை எட்டரைக்கு அவர் மேஜையில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் அதைப் போட்டு முடிக்க இருபத்திரண்டு நிமிஷம் எடுத்தது. உத்தேசக் கணக்கில்லை இது. பரிபூரணத்தின் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். அறுந்த இழையை ஒட்ட எந்தப் பெண்ணுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று குறிப்பதும் அவள் வேலைதான்.

மெமரி கூட்டினால் வேகம் கூடும் என்று சொன்னவர் காசிராஜன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரேடியோ ரிப்பேர் பார்த்துவிட்டு, அப்போதுதான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியவர். பரிபூரணம் மூன்று மாசம் மானேஜரை நச்சரித்துச் சம்மதம் வாங்கினாள். காசிராஜன் மதுரைக்குக் கிளம்பும் முன் போன் போட்டார்.

"அக்கா, இதுல அறுபதுன்னு ஒண்ணு இருக்காம், எழுபதுன்னு ஒண்ணு இருக்காம். எத வாங்கியார? எனக்குச் சரியாப் பிடிபடல."

"இதுகூடத் தெரியாதா அண்ணாச்சி? எழுபதே வாங்குங்க."

சொன்னதோடு விடாமல், ஒரு சீட்டில் எழுதி, எழுபதுக்கு அடியில் இரண்டு கோடும் இழுத்து, கையெழுத்துப் போட்டு மில் வேனில் கொடுத்தனுப்பினாள்.

புது மெமரியை மாட்டியதும் மெஷின் இரண்டு தடவை அப்படியே உறைந்து நின்றது. மெஷின் கிளம்பும்போது வரும் நீலத்திரையில் காசிராஜன் எதையோ மாற்றினார், பிறகு ஓடியது. திரையில் மெமரிக் கணக்கு முன்னைப்போல் இரண்டு மடங்கு ஏறியதைப் பார்த்து மானேஜரே கைதட்டினார். மறுநாள் காலை பரிபூரணம் வாட்சை அமுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

இருபத்தேழு நிமிஷம்.

வாட்சைத் தட்டிப் பார்த்தாள். மறுநாளும் இருபத்தேழு, அதற்கு மறுநாளும் இருபத்தேழு. ரிப்போர்ட் எட்டரையைத் தாண்டியது. ஏன் என்று மானேஜர் கேட்டார். பதில் இல்லாத இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொள்ளும் அல்லவா? காசிராஜனை வரச்சொல்லி, மானேஜர் முன்னால், ஆபீஸ் மொத்தமும் கேட்கக் கேட்டாள்.

"எழுபதுன்னு சொல்லிட்டு மட்டமானதச் சொருகிட்டுப் போயிருக்கீங்களே அண்ணாச்சி, இது மோசடியில்லையா?"

"அக்கா, நீங்க சொன்னதத்தானே…" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் மானேஜர் கையை வாசல் பக்கம் நீட்டிவிட்டார். பழைய வேகம் என்ன பாடுபட்டும் திரும்பவில்லை. காசிராஜனின் பேர் கெட்ட வேகத்துக்கு மட்டும் குறைவில்லை. ஒரு மில்லில் கெட்ட பேர் அடுத்த மில்லுக்குப் போய்ச் சேர பஸ்கூட வேண்டாம். பத்தே நாளில் மூன்று மில்லில் அவரை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பரிபூரணம் அதோடு விடுகிற ஆளில்லை. மெட்ராஸ் கம்பெனிக்கே புகார் எழுதலாம் என்று, ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் மெஷினின் மூடியைக் கழற்றினாள். மெமரியில் அச்சடித்திருப்பதைக் குறித்துக்கொள்ள வேண்டுமே. பழைய பட்டையில் எண்களின் கடைசியில் 60 என்று இருந்தது. புதுப்பட்டையில் 70.

எழுபது. கேட்டதையேதான் அந்த மனுஷன் மாட்டியிருக்கிறார்.

அப்படியானால் ஏன் மெதுவாகப் போகிறது? மெஷினோடு வந்த புத்தகம் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல் அலமாரியில் கிடந்தது. கிழித்தாள். மெமரி என்று இருந்த பக்கத்தில், அறுபது நானோசெகண்டோ அதைவிட வேகமானதோ போட வேண்டும், வேகம் வேறான இரண்டைச் சேர்த்தால் மெதுவானதன் நடைக்கே மெஷின் எல்லாவற்றையும் நடத்தும் என்று எழுதியிருந்தது. அதைவிட வேகமானது என்றால் எழுபதுதானே? அடுத்த வரியில் வரிசை போட்டிருந்தார்கள்: எண்பது, எழுபது, அறுபது. வேகம் கூடக் கூட எண் குறைந்துகொண்டே போனது.

நானோசெகண்ட். செகண்ட்.

அவள் கை தன்னால் கழுத்து வாட்சுக்குப் போனது. அறுபது விநாடியில் இழை ஒட்டுகிறவள் ஒருத்தி, எழுபது விநாடியில் ஒட்டுகிறவள் ஒருத்தி. யார் கெட்டிக்காரி? தினமும் இதைக் குறித்துக்கொண்டு திரிகிறவளுக்கு இது தெரியாமல் போயிற்றே! அந்த அறுபதும் எழுபதும் நூல் நம்பர் இல்லை, மெமரி ஒரு தகவலை எடுத்துத் தர ஆகும் நேரம். சோறு டப்பாவிலேயே இருந்தது. தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் போட்டது அடுத்தவர் தலையில்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். கடையின் ஒரு கதவு சாத்தியிருந்தது. காசிராஜனின் மனைவி பிச்சையம்மாள்தான் முன்னால் நின்றாள்.

"வாங்க மேடம். மோசடிங்கிற பட்டம் குடுத்தாச்சு. இன்னும் வேற ஏதும் பாக்கி இருக்கா?"

"தப்பு என்னுது. அண்ணாச்சி மேல இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

காசிராஜன் உள்ளேயிருந்து வந்தார். அவள் புத்தகத்தில் படித்ததைச் சொன்னாள். அவர் கேட்டு முடித்து, சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்து ஓரம் நைந்துபோன ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அவள் கையெழுத்து. எழுபதுக்கு அடியில் இரண்டு கோடு.

"இது இருந்துச்சுல்ல அண்ணாச்சி! இத மானேஜர்ட்ட காட்டியிருந்தா…"

"காட்டத்தான்க்கா மூணு நாள் வந்தேன். கேட்ல உள்ள விடலையே."

அந்த மூன்று நாளும் அவள் உள்ளேதான் இருந்தாள்.

திங்கட்கிழமை காலை மானேஜர் மேஜையில் ரிப்போர்ட்டுக்குப் பதில் அந்தச் சீட்டை வைத்தாள். சௌந்தரபாண்டியன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"எழுபதுன்னுதானம்மா எழுதியிருக்க? எழுபதுதானே உசத்தி? இதுல என்ன தப்பு?"

அவளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம ஊர்ல யாரா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்போம் சார். தெரியாம எழுதுனத விட்டுருங்க. ஒரு மனுசர மோசடின்னு சொன்னேன்ல, அதுதான் தப்பு. மத்த மில்லுக்கும் நீங்களே போன் போட்டுச் சொல்லணும்."

அவர் போனைத் தன் பக்கம் இழுத்தார்.

அவள் கேட்டுக்கு நடந்தாள். வாட்ச்மேன் முத்துராமலிங்கம் பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஆர்டர் என்றால் ஆர்டர். ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'காசிராஜன், ஸ்ரீவில்லிபுத்தூர். உள்ளே விடக் கூடாது. மோசடி.' அதற்குக் கீழே மூன்று தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'வந்தார். திருப்பி அனுப்பப்பட்டார்.'

பரிபூரணம் மோசடி என்ற சொல்லை அடித்தாள். பக்கத்தில், 'தப்பு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதியதற்கு அடியில் இரண்டு கோடும் இழுத்தாள்.

ஞாயிறன்று அவள் கேட்டுக்கொண்டபடி ஒன்பது மணிக்குக் காசிராஜன் வந்தார், கையில் பேப்பரில் சுற்றிய அறுபது. முத்துராமலிங்கம் கேட் கம்பியை உயர்த்தி, "வாங்க சார்" என்றார். காசிராஜன் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"வாங்க அண்ணாச்சி, வந்து நீங்களே மாட்டிக் குடுங்க."

"வேண்டாம்க்கா. மூடியக் கழட்டத்தான் உங்களுக்குத் தெரியுதே. பட்டையச் சாச்சு வச்சு நிமித்துனா டக்குன்னு உக்காந்துரும். பொறவு அந்த நீலத்திரையில எழுபதுன்னு வச்சுட்டு வந்தேன், அத மட்டும் அறுபதா மாத்திருங்க."

பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். கேட் திறந்தே இருந்தது. கூப்பிடலாம் என்று வாயெடுத்தவள், எந்த முகத்தை வைத்துக்கொண்டு என்று நின்றுவிட்டாள்.

எழுபதைக் கழற்றி அறுபதை அவளே மாட்டி ஓட்டியதும், அன்றைக்கு ரிப்போர்ட்டுக்கு இருபத்தோரு நிமிஷம் ஆனது. அவள் குறித்துக்கொள்ளவில்லை.