சிவப்பு மாத்திரை, கெட்டிப் பால்

சித்தியின் முகம் எனக்கு மங்கிவிட்டது. நாக்கு மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. உடைத்த தேங்காயின் உட்புறம் போல வெளுத்த நாக்கு. அதன் நடுவில் மாத்திரையின் சிவப்புச் சாயம், கோடு போட்டதுபோல.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. அம்மாவின் தங்கை தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். பெற்றவர்கள் இல்லாத பெண்ணுக்கு அக்கா வீடுதான் பிறந்த வீடு. ஏழாம் மாதம் கட்டுச்சோறு கொண்டுபோய் அவளை அழைத்துவந்தோம். அந்தப் பந்தியிலேயே அவள் மாமியார் சொல்லிவிட்டார்: "அந்த இரும்பு மாத்திரையத் தின்னாக் கொழந்தை கருப்பாப் பொறக்குமுங்க. இவ நெறம் வராமயே போயிருமுங்க." எல்லோர் காதிலும் விழுந்தது. சித்தி இலையிலிருந்து நிமிரவில்லை. ரத்தமில்லாத அவள் வெளுப்பைத்தான் அழகென்று சொல்லிப் பெண்ணெடுத்திருந்தார்கள்.

அம்மா அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. டாக்டர் கொடுத்ததைத் தங்கைக்குக் கொடுத்தே தீருவது என்று நின்றாள். சிவப்பு மாத்திரை ஒன்று, எலும்புக்கு வெள்ளை மாத்திரை ஒன்று. கறந்த சூட்டோடு காய்ச்சிய கெட்டிப் பாலில் குங்குமப்பூவைக் கரைத்து, இரண்டையும் ஒரே வாயில் போடச் சொல்லுவாள். இரண்டு மாடு கறக்கிற வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி வெறும் தண்ணீரில் மாத்திரை முழுங்கினால் ஊர் என்ன சொல்லும்? மாத்திரை துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் இருக்கிறது என்று சித்தி முகம் சுளிப்பாள். அந்தக் கசப்பு போவதற்கு உடனே ஒரு டம்ளர் கடுந்தேநீர். அதுவும் அம்மாதான் போட்டுக் கொடுப்பாள். அன்பு அந்த வீட்டில் டம்ளர் டம்ளராக வந்துகொண்டே இருந்தது.

மொபெட்டில் வரும் நர்சம்மா விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏனுங்க அம்மணி, மாத்திரைய நீங்க போடறீங்களா, தென்னைக்குப் போடறீங்களா? ரத்தம் ஏறவே காணமே."

"தெனமும் போடறனுங்க."

"போட்டா ஏறோணுமில்லீங்க? கருப்பாப் போயிரும்னு யாராச்சும் காதுல ஓதிப்போட்டாங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். அம்மாவுக்குப் பந்தியில் கேட்ட பேச்சு ஞாபகம் வந்துவிட்டது. மொபெட் சத்தம் தோப்பைத் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"மாமியா சொன்னதக் கேட்டுத் துப்பிப்போடறயா?"

"இல்லீங்க்கா. முழுங்கறேன். வெளிக்குக்கூடக் கருப்பாப் போவுதுங்க்கா. மாத்திரை உள்ள போகாமயா அப்படிப் போகும்?"

"ராயிக்களி தின்னாலும் கருப்பாத்தான் போகும். எனக்குக் கதை சொல்லாத."

அம்மா கிணற்றடியில் போய்த் துப்பிய மாத்திரையைத் தேடினாள். வாழைக்கு அடியில் தேடினாள். எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததையும் தங்கையின் சாமர்த்தியத்தில் சேர்த்தாள்.

மறுநாளிலிருந்து சித்தி என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். "கண்ணு, இங்க வா. பாத்துக்க." மாத்திரைகளை நாக்கில் வைப்பாள், பாலை மடக் மடக்கென்று குடிப்பாள், பிறகு வாயை ஆவென்று திறந்து நாக்கைத் தூக்கி, கன்னத்தை ஒதுக்கி, எல்லா மூலையையும் காட்டுவாள். எனக்கு அது நல்ல விளையாட்டு. நானும் பதிலுக்கு நாக்கை நீட்டுவேன். அவள் சிரிக்காமல், "நல்லாப் பாத்துக்க சாமி. யாராச்சும் கேட்டாச் சொல்லோணும்" என்பாள். நான் வேறெங்கோ ஓடியிருப்பேன்.

பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூருக்குக் கொண்டு ஓடினார்கள். கொட்டியதைத் தாங்க உடம்பில் ஏற்கனவே ஒன்றுமில்லை என்றார்களாம். அவள் திரும்பி வரவில்லை, பையன் வந்தான். அப்பனைப் போலக் கருகருவென்று இருந்தான். சாவு வீட்டில் மாமியார் அவனைத் துணி விலக்கிப் பார்த்துவிட்டு, "மாத்திரை தின்னுருக்கா, பாருங்க" என்றார். சித்தி சொன்னதை நம்பிய ஒரே ஆள் அவர்தான். அதையும் குற்றமாகத்தான் நம்பினார். எங்கள் வீட்டிலோ, மாத்திரை போடாமல் ஏமாற்றியவள் என்றே அவள் பெயர் நிலைத்தது.

போன மாதம் கோயமுத்தூரில் ஒரு டாக்டர் எனக்கும் அதே சிவப்பு மாத்திரையை எழுதினார். "பாலோட போடாதீங்க. கால்சியத்தோட சேக்காதீங்க. டீ, காபி ரெண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். வெறும் வயித்துல, எலுமிச்சைத் தண்ணியில முழுங்குங்க." ஏன் என்று கேட்டேன். சீட்டின் பின்பக்கம் குடலை வரைந்தார். இரைப்பை தாண்டியதும் சிறுகுடலின் தொடக்கம். இரும்பு உடம்புக்குள் நுழைவது பெரும்பாலும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான். பாலிலும் வெள்ளை மாத்திரையிலும் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அங்கே வழியை மறிக்கும். தேநீரின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடாது. உள்ளே போக முடியாதது கருப்பாக வெளியே போய்விடும்.

அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரு விருந்து வீடாகத் தெரிந்தது. கூப்பிட்ட வீட்டுக்காரர்களே உபசாரம் செய்து செய்து வாசலை அடைத்து நிற்க, வந்த விருந்தாளி உள்ளே நுழைய இடமில்லாமல், முகம் கறுத்து, கொல்லைப்புறமாகப் போய்க்கொண்டிருந்தார். சித்தி கூசிக் கூசிச் சொன்ன அந்தக் கருப்பு நிஜம். அவள் முழுங்கியதற்கும் அதுதான் அத்தாட்சி, முழுங்கியது வீணானதற்கும் அதுதான் அத்தாட்சி. ஒழுங்காகப் போட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அது யாராலும் சொல்ல முடியாதுங்க என்றார் டாக்டர்.

ஊருக்குப் போனேன். மாடுகள் இல்லை, என் மாத்திரையைப் பார்த்ததும் அம்மா பாக்கெட் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். "பால்ல போடு கண்ணு. உன்ற சித்தியாட்டம் ஏமாத்திப்போடாத."

சொல்லலாம். சொன்னால் சித்தி பொய்க்காரி இல்லாமல் ஆவாள். அம்மாவுக்கு மிச்சமிருக்கும் காலமெல்லாம் அந்தப் பால் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.

மாத்திரையை நாக்கில் வைத்துப் பாலைக் குடித்தேன். பிறகு வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

"என்னது, கொழந்தையாட்டம்" என்று அம்மா சிரித்தாள்.

யாராவது கேட்டால் சொல்லவேண்டும் என்றுதான் சித்தி தினமும் என்னைக் கூப்பிட்டாள். அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை. புரிந்திருந்தாலும், யாரும் என்னைக் கேட்கவில்லை.