ரசத்தில் கரைந்த எட்டுத் தவணை

போன செவ்வாய்க்கிழமை காலை. ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது என்று அவசர அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறேன். வாசலில் காளியம்மாள். கையில் நீளமாக ஒரு கவர்.

"நர்சம்மா, இதுல இன்னா எழுதிருக்குன்னு கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க."

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் – செங்கத்துக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால் ஏழு வருஷம் நான் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) நர்ஸாக இருந்தேன். காளியம்மாள் அங்கே ஒரு சின்ன ஊரில் சாமை விதைத்து, புளி உலுக்கிப் பிழைக்கிறவள். அவளுடைய இரண்டு பிரசவமும் நான் பார்த்ததுதான். இந்தக் கவருக்காக முதல் நாளே கிளம்பி, பாதி வழி நடந்து, மீதி வழி ஜீப்பில் தொற்றிக்கொண்டு, அடிவாரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி வந்திருக்கிறாள்.

பிரித்தேன். நான்கு பாரா. அத்தனையும் இங்கிலீஷ்.

தமிழே படிக்கத் தெரியாத பெண்ணுக்கு இங்கிலீஷில் டைப் அடித்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். யார் படிப்பதற்காக? எனக்கே இரண்டு இடத்தில் தடுக்கியது. சாரம் இதுதான் – உழவு மாடு வாங்க மூன்று வருஷத் தவணையில் கடன் எடுத்துப் பதினோரு மாதம் ஆகிறது. அதில் ஒன்பது மாதத் தவணை பாக்கி. ஏழு நாளில் மொத்தமாகக் கட்டாவிட்டால் ஜீப்பில் ஆள் வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள்.

சொன்னேன். காளியம்மாள் கவரை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆனி வரப்போவுதுங்க. மாடு இல்லைன்னா எப்டி ஓட்டறது? விதைக்கலைன்னா இன்னாத்த துன்றது?"

அவள் புருஷன் வெள்ளையன் தை மாதம் புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து, கால் முறிந்து, இன்னமும் கோல் ஊன்றித்தான் நடக்கிறான். மாடும் போய்விட்டால் அந்த வீட்டில் அடுத்த வருஷம் அடுப்பு எரியாது. இது மிகைப்படுத்தல் இல்லை. மலையில் ஏழு வருஷம் இருந்தவள் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு அவளோடு கிளம்பினேன்.

கடன் கொடுத்தது ஒரு ஃபைனான்ஸ். வசூல் பண்ணுவது வேறு ஒரு ஏஜென்சி. கொடுக்கும்போது சிரிப்பதற்கு ஓர் ஆபீஸ், கேட்கும்போது முறைப்பதற்கு இன்னோர் ஆபீஸ்... நல்ல ஏற்பாடுதான். ஏஜென்சியின் பெயரைப் போட எனக்குக் கை துறுதுறுக்கிறது. போட்டால் ஆசிரியர் வெட்டிவிடுவார். கடைத்தெருவில், ஒரு ஜவுளிக்கடைக்கு மாடியில் இருக்கிறது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

மேனேஜர் எங்களை உட்காரச் சொன்னார். அதாவது, என்னை உட்காரச் சொன்னார். நான் காளியம்மாளுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் நுனியில் உட்கார்ந்தாள்.

"மேடம், இவங்க மாசா மாசம் நாப்பது ரூபா கட்டணும். முதல் ரெண்டு மாசம் கட்டினாங்க. அதுக்கப்புறம் ஆளையே காணோம்."

"மாசா மாசம் புளி காய்க்காதுங்க" என்றாள் காளியம்மாள்.

எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவாக எந்தப் பொருளாதார நிபுணரும் பேசியதில்லை. மலையில் பணத்தைக் கண்ணால் பார்ப்பது வருஷத்தில் இரண்டே தடவை. கார்த்திகை வாக்கில் சாமை. மாசியில் புளி. நடுவில் இருக்கிற மாதங்களில் கையில் காசு இருக்காது. உழைக்காததால் இல்லை, விளையாததால். இது கடன் கொடுத்தவருக்குத் தெரியாதா? தெரியாமலா மலைக்கு ஜீப் போட்டுக்கொண்டு போய்க் கைநாட்டு வாங்கினார்கள்?

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். (என் வீட்டில் யாரும் இதை நம்பவில்லை.)

"சார், இவங்க கட்டமாட்டேன்னு சொல்லலை. வருஷத்துத் தொகையை ரெண்டாப் பிரிச்சிடுங்க. கார்த்திகையில கொஞ்சம், மாசியில மிச்சம். முழுசா வந்துடும்."

"அதுக்கு வழியில்லை மேடம்."

"ஏன்?"

அவர் ஓர் அட்டையை எடுத்து என் பக்கம் திருப்பிவைத்தார். வருஷத்துக்கு ஓர் அட்டை. அதில் பன்னிரண்டு கட்டம் போட்டிருந்தது.

"மாசத்துக்கு ஒரு கட்டம். ரெண்டு கட்டத்துலயே எல்லாத்தையும் எழுதிட்டா மீதி பத்து கட்டம் காலியா இருக்கும். ஹெட் ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க."

கேட்டீர்களா? ஒரு குடும்பத்தின் சோற்றுக்கு எதிராக அங்கே நின்றது சட்டம் இல்லை. பத்துக் கட்டம். யாரோ ஒரு பிரஸ்காரர் அச்சடித்துக் கொடுத்த பத்துக் கட்டம். நாற்பது ரூபாயை நாலு ரூபாயாகக் குறைக்கச் சொல்லவில்லை, தள்ளுபடி கேட்கவில்லை, பணம் வருகிற மாதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறோம். அதற்கே இந்தப் பதில்.

எனக்குக் குரல் உயர ஆரம்பித்தது. அப்போதுதான் காளியம்மாள், என்னைப் பார்த்தல்ல, மேஜையைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்.

"மாசியில ரெண்டு மூட்டை கொண்டாந்து எறக்கினேனுங்களே."

மேனேஜர் அட்டையை அவசரமாக மூடினார்.

"என்ன மூட்டை?" என்றேன்.

"புளிங்க. கொட்டை எடுத்து, காயவச்சி, ரெண்டு மூட்டை. இவங்கதான் கீழ எறங்கி வந்து பாத்தாங்க. பின்னாடி கொண்டுபோய் வைன்னாங்க. வச்சிட்டுப் போய்ட்டேன்."

"அதை வரவு வச்சீங்களா சார்?"

"மேடம்... அது வந்து... அவங்க ஏதோ அன்பா கொண்டுவந்து கொடுத்தது. கடனுக்குன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லலையே?"

நான் காளியம்மாள் பக்கம் திரும்பினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குக் கோபம் அவள் மேல்தான். ஏனம்மா சொல்லவில்லை? வாயில் என்ன கொழுக்கட்டையா?

அவளுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "அத எப்டிங்க சொல்றது?" என்றாள்.

பிறகு விளக்கினாள். அவர்கள் ஊரில் ஒரு வீட்டில் வாங்கியதைத் திருப்பித் தருவது என்றால், விளைந்ததைக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் இறக்கிவைக்க வேண்டியது. வீட்டுக்காரர் உள்ளே எடுத்து வைத்தால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். போதாது என்று நினைத்தால் வெளியிலேயே விட்டுவிடுவார். இரண்டு பேரும் வாய் திறக்கமாட்டார்கள். "இது நீ கொடுத்த கடனுக்கு" என்று ஒருத்தர் வாசலில் நின்று சொல்வது, நாலு பேர் காதுபடக் கொடுத்தவரை வட்டிக்கடைக்காரர் ஆக்குகிற மாதிரி. மரியாதை தெரிந்தவர்கள் செய்கிற காரியம் இல்லை.

ஆக, இந்தப் பெண் இந்த மனிதரின் மரியாதையைக் காப்பாற்றியிருக்கிறாள். அவர் என்ன செய்தார்? பேசாமல் மூட்டையை அமுக்கிவிட்டு, மூன்றாம் மாதம் இங்கிலீஷில் நோட்டீஸ் விட்டிருக்கிறார்.

சரி, மலைப் பழக்கம் அவருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். புருஷன் கால் முறிந்து கிடக்கிறான், தவணை பாக்கி நிற்கிறது, மாடு போய்விடுமோ என்ற பயம்... இப்படி இருக்கிற ஒருத்தி, ஒரு வசூல் ஆபீஸ் மேனேஜர் மேல் அன்பு பொங்கி இரண்டு மூட்டை புளியைச் சுமந்துகொண்டு மலையிறங்குவாளா? இதை யோசிக்க மலைப் பழக்கம் தெரிந்திருக்க வேண்டுமா? மனுஷனாக இருந்தால் போதாதா?

சொன்னேன், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் அசரவில்லை. இந்த மாதிரி ஆட்களிடம் ஒரே ஒரு வார்த்தை எப்போதும் தயாராக இருக்கும்.

"ரசீது இருக்கா மேடம்?"

காளியம்மாள் எழுந்தாள்.

"அப்ப சரிங்க. கடனுக்கு எடுத்துக்கலைன்னா புளியக் குடுத்துடுங்க. மண்டியில போட்டுப் பணமாக் கொண்டாந்து கட்டறேன்."

"இப்ப எங்கம்மா இருக்கு அது?"

"உங்க வூட்டு மெஸ்ஸுலதாங்க இருக்கும். நான்தானே தூக்கினு போய் வச்சேன்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் படியிறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். மேனேஜர் என் பின்னால்.

ஜவுளிக்கடைக்குப் பின்சந்தில் மேனேஜரின் மனைவி ஒரு மெஸ் நடத்துகிறார். மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார். காளியம்மாள் வாசலிலேயே நின்று, விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, "மிச்சம் இருக்கறத குடுத்தாக்கூட போதுங்க" என்றாள்.

அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். புருஷனைப் பார்த்தார்.

"மண்டியில எடுத்தேன்னு சொல்லி என்கிட்ட பணம் வாங்கினீங்களே?"

அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். காய்கறி, விறகு, எண்ணெய் என்று தேதிவாரியாக மெஸ் செலவு எழுதிய நோட்டு. மாசி மாதப் பக்கத்தில் இருந்தது: புளி இரண்டு மூட்டை, முன்னூற்று இருபது ரூபாய். அந்த அம்மாளின் சொந்தக் கையெழுத்து.

கடன்காரியின் புளியை வாங்கி, கட்டின மனைவிக்கே விற்று, பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, மாட்டைப் பிடிக்க ஜீப் அனுப்பப் பார்த்த மனிதர்... நோட்டீஸில் கையெழுத்துப் போட்டபோது அந்தப் புளி கொஞ்சமாவது நினைவுக்கு வந்திருக்குமா? இத்தனை மாதமாக அந்த மெஸ்ஸில் ரசம் சாப்பிட்டவர்கள் எல்லாம் காளியம்மாளின் தவணையைக் குடித்திருக்கிறார்கள். நானும் இரண்டு தடவை குடித்திருக்கிறேன்.

"ரசீது கேட்டீங்களே சார்" என்று நோட்டை நீட்டினேன்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மாடிக்குப் போனோம். மனைவியும் கூடவே வந்து, கணவர் பையிலிருந்து முன்னூற்று இருபதை எடுக்கிற வரைக்கும் கதவருகே நின்றார். எட்டு மாதத் தவணை வரவானது. அபராத வட்டி அடிக்கப்பட்டது. கார்த்திகை, மாசி என்று வருஷத்துக்கு இரண்டு தவணை – அட்டையின் பின்பக்கத்தில் எழுதி, கீழே சீல். பத்துக் கட்டம் காலியாக இருந்தால் ஹெட் ஆபீஸ் என்ன சொல்லும் என்று நான் கேட்டேன். அவர் அட்டையை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

கணக்குப் பார்த்தால் பாக்கியில் மீதி நின்றது ஒரே ஒரு மாதத் தவணை. நாற்பது ரூபாய். இதற்காகத்தான் ஜீப், ரிஜிஸ்டர் தபால், நான்கு பாரா இங்கிலீஷ்.

காளியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்கு பத்து ரூபாய் நோட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, வழக்கம்போலப் பேசாமல் நின்றாள்.

"சொல்லும்மா" என்று அவள் முழங்கையை இடித்தேன். "இது எதுக்குன்னு வாயைத் திறந்து சொல்லு. சொல்லி ரசீது வாங்கு."

அவள் என்னைப் பார்த்தாள். மேனேஜரைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்கிறவள் போல, "இது கடனுக்குங்க" என்றாள். கூச்சத்தில் அவள் காதுமடல் வரை சிவந்துவிட்டது. கூச்சப்பட வேண்டிய ஆள் எதிரே உட்கார்ந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

மலைக்குப் போகிற ஜீப் நிற்கிற இடம் வரை அவளோடு நடந்தேன். ஜெயித்துவிட்ட தெம்பு எனக்கு. அறிவுரை சொல்லிக்கொண்டே போனேன். இனிமேல் எதையும் பேசாமல் இறக்காதே, கேட்டு எழுதி வாங்கு, உலகம் கெட்டுக் கிடக்கிறது... எல்லாவற்றுக்கும் "சரிங்க நர்சம்மா, சரிங்க நர்சம்மா" என்றே வந்தாள்.

ஜீப் வந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்குத் திடீரென்று உறைத்தது. மலையில் இருந்த ஏழு வருஷமும், ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும், காலையில் கதவைத் திறந்தால் என் வாசலில் ஏதாவது இருக்கும். ஒரு படி சாமை. ஒரு பாட்டில் தேன். கட்டித் தொங்கவிட்ட கோழி. யார் வைத்தார்கள் என்று தெரியாது. அன்பு என்று நினைத்து உள்ளே எடுத்து வைப்பேன்.

"காளியம்மா... என் வாசல்ல வச்சீங்களே எல்லாரும். அது எதுக்கு?"

"இப்ப போய் அத இன்னாத்துக்குக் கேக்கறீங்க?" என்றாள். "நீங்கதான் உள்ள எடுத்து வச்சிட்டீங்களே, நர்சம்மா. அது அன்னிக்கே தீந்துச்சு."

அந்தப் பிரசவங்களுக்கெல்லாம் ஏற்கெனவே அரசாங்கச் சம்பளம் மாதா மாதம் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான்.