மயிலின் இரைப்பை

என் மகள் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. விராலிமலையைச் சுற்றியுள்ள வயல்களில் மயில்கள் ஏன் சாகின்றன என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு. அதைச் சொன்ன அன்றே, முருகன்தான் இவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறான் என்று மலையேறிப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

போன ஆடியில், நான் கடலை விதைத்த நாலாம் நாள், எங்கள் வரப்பில் ஓர் ஆண் மயில் செத்துக் கிடந்தது. வனத்துறை ஆட்கள் வந்தார்கள். கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்துவிட்டு, காயம் எதுவும் இல்லை என்றார். மகளிடம் அனுமதிக் கடிதம் இருந்ததால் இரைப்பையை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். அன்று சனிக்கிழமை. துறை திங்கட்கிழமைதான் திறக்கும். வீட்டு பிரிஜ்ஜின் மேல் அறையில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எதக் கொண்டாந்து எங்க வச்சிருக்கா பாருங்க ஒங்க மக. நாளைக்கு இந்தப் பால்ல காப்பி போட்டா நீங்களே குடிங்க" என்றாள் என் மனைவி.

"ரெண்டு நாளைக்குத்தாம்மா. ஒன் பால அது குடிச்சிராது" என்றாள் மகள்.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. எனக்கு விரதம். விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, அபிஷேகத்துக்குப் பால் எடுக்க பிரிஜ்ஜைத் திறந்தேன். சுவாமியின் வாகனம் என் வீட்டில் துண்டாய்க் கிடக்கும்போது நான் எப்படிப் படியேறுவது? மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கேட்டால் விடமாட்டாள் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் குழி தோண்டி, டப்பாவில் இருந்ததை மஞ்சள் துணியில் முடிந்து, திருநீறு போட்டுப் புதைத்தேன். சூடம் காட்டினேன். மனசு லேசானது. அந்த மனசோடுதான் மலைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் பிரிஜ்ஜைத் திறந்து போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"தோண்டி எடுத்துத் தரவா ஆத்தா?"

"வேணாம்ப்பா. மண்ணுல கெடந்தத டிபார்ட்மெண்ட்ல எடுத்துக்க மாட்டாங்க." எழுந்து பிரிஜ்ஜை மூடினாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்: "நம்ம வெதைக் கடலைக்கு மருந்து கலந்தீங்களாப்பா?"

"கலந்தேன். எல்லாரும் கலக்குறதுதானே? பூச்சி திங்காம இருக்க..."

"மருந்தா, நோயான்னு அதப் பாத்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் வச்சிருந்தேன்."

திங்கட்கிழமை வெறுங்கையோடு பஸ் ஏறினாள். அங்கே என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த கிருத்திகைக்கும் மலையேறினேன். சந்நிதியில் நின்று, "முருகா, மன்னிச்சிரு" என்று ஆரம்பித்தேன். புதைத்ததற்கா, கொன்றதற்கா என்று சொல்லத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியும். நான் அந்த டப்பாவைத் தொடாமல் இருந்திருந்தால் என் மகளுக்கும் தெரிந்திருக்கும்.