சைனீஸ் கடையில் ட்ரீட்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு செல்போன் கடையின் மாடியில் அந்தச் சைனீஸ் கடை இருக்கிறது. படி ஏறும்போதே வினிகர் வாடை மூக்கைத் துளைக்கும். சுவரில் ஒரு டிராகன் வரைந்திருப்பார்கள். வரைந்தவர் ஓணானைப் பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும். சமைக்கிறவர் அனந்தபுரத்துக்காரர். சில்லி சிக்கனில் கைநிறையக் கறிவேப்பிலை போடுவார். ஏன் என்று கேட்டால், "அப்பதாம்மா வாசனையா இருக்கும்" என்பார். சீனாக்காரர் யாராவது வந்து சாப்பிட்டால் தன் நாட்டுப் பெயரைத் திருப்பிக் கேட்பார். ஆனால் ஒன்பது வருடமாக உலகத்திலேயே ருசியான சாப்பாடு அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது வருடத்தை நினைத்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் மூன்று பேர். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர்கள். நான் கணக்கு, ஒருத்தி அறிவியல், இன்னொருத்தி தமிழ். காலையில் விழுப்புரத்தில் ஒன்றாக ரயில் ஏறி மாலையில் ஒன்றாகத் திரும்புவோம். அறிவியல் டீச்சர் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். தமிழ் டீச்சர் விழுப்புரம் டவுனில் இருந்தாலும் அவளும் ஊர்த்தெருக் குடும்பம்தான். நான் காலனி. என் அம்மா அப்படிப்பட்ட குடும்பங்களின் நிலத்தில் களையெடுத்தும் நாற்று நட்டும்தான் என்னை பி.எட். வரைக்கும் படிக்க வைத்தாள். இது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சேர்ந்த முதல் வாரமே எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார்கள், சொன்னேன். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேச்சை எடுக்காமல் இருப்பதே பெரிய மனசு என்று நானும் நம்பினேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பள்ளி அரை நாள். நேராக மாடிக்கு ஏறிவிடுவோம். ஒரு ஃப்ரைடு ரைஸ், ஒரு நூடுல்ஸ், ஒரு சில்லி சிக்கன், சூப் ஒன் பை த்ரீ. தனித்தனியாகத் தட்டு வைத்தாலும் கடைசியில் எல்லாம் நடுவுக்கு வந்துவிடும். அறிவியல் டீச்சர் தன் வாயில் வைத்த ஸ்பூனாலேயே என் தட்டில் இருக்கிற சிக்கனைக் குத்தி எடுப்பாள். "காரமா இருக்குதா பாக்கறேன்" என்று என் சூப்பில் ஒரு வாய் குடிப்பாள். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. என் அம்மாவுக்குத் தனி டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்த குடும்பங்களின் பெண் ஒருத்தி என் எச்சில் சூப்பைக் குடிக்கிறாள். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

அவள் வீட்டில் ஏதாவது விசேஷம் வந்தால் எங்களுக்குத் தனியாக ட்ரீட் உண்டு. தங்கச்சி கல்யாணம் முடிந்த வாரம், "சொந்தக்காரங்கள மட்டும் வெச்சி சிம்பிளா முடிச்சிட்டோம்டி, உங்களுக்கு நான் ஸ்பெஷலா குடுக்கறேன்" என்று விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஏசி போட்ட சைனீஸ் கடைக்கு அழைத்துப் போனாள். புது வீடு கட்டிக் குடிபோனபோதும் அதே கடை, அதே பேச்சு. வருகிறவர்களுக்கெல்லாம் போடுகிற சாப்பாட்டைப் போடாமல் நமக்கென்று தனியாகச் செய்கிறாளே என்று எனக்குப் பெருமை. மீந்ததைப் பார்சல் கட்டிக்கொண்டு போய் அம்மாவிடமும் பெருமையடித்தேன்.

அம்மா ஒரு வாய் நூடுல்ஸைத் தின்றுவிட்டு, "வீட்டுக்கு கூப்டலயா?" என்று மட்டும் கேட்டாள்.

"உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம். காலம் மாறிப்போச்சு, நீ இன்னும் அந்தக் களத்துமேட்டுலயே நின்னுக்கினு இருக்க" என்று எரிந்து விழுந்தேன். பெற்றவள்மேல்தான் எரிந்து விழுந்தேன். அவள் மிச்சத்தைத் தின்று முடித்தாள்.

போன வருடம் அறிவியல் டீச்சரின் மகனுக்குக் காதுகுத்து நடந்தது. வழக்கம்போல ட்ரீட், வழக்கம்போல விழுப்புரம் கடை. தமிழ் டீச்சருக்கு நூடுல்ஸ் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "உங்க மாமியார் அரைச்ச மல்லாட்டை சட்னிக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்லடி. அந்தச் சட்னிக்கே கேப்பை அடை நாலு தின்னேன்" என்றாள்.

"எப்போ?" என்று கேட்டேன்.

"காதுகுத்துக்கு மொத நாளு..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நான் விடவில்லை. கல்யாணத்துக்குப் போனாயா என்றேன். தலையாட்டினாள். புது வீட்டுக்கு? அதற்கும் தலையாட்டினாள். சொந்தக்காரர்களுக்கு மட்டும் என்பது எனக்காகச் சொன்ன பொய். கணக்கு டீச்சர் நான். இரண்டு பேரில் ஒருத்தியைத்தான் கழித்திருக்கிறார்கள் என்பது புரிய ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட முடியாதவளுக்குத்தான் கடையில் ட்ரீட். அதில் தமிழ் டீச்சர் துணைக்கு வந்து சாப்பிட்டிருக்கிறாள், எனக்குச் சந்தேகம் வராமல் இருக்க.

அறிவியல் டீச்சர் என் கையைப் பிடித்தாள். "தப்பா எடுத்துக்காதடி. எங்க மாமியார் பழைய ஆளு. நீ வந்து, அது எதனா ஒண்ணு சொல்லி, உன் மனசு பேஜாராயிடுச்சின்னா? உனக்கோசரம்தான் இப்டி பண்ணேன். எனக்கு அப்டியெல்லாம் கெடையாதுன்னு உனக்கே தெரியும். ஒரே தட்டுலதான துன்றோம்?"

எனக்காகவாம். என் மனசு புண்படக் கூடாது என்று என்னை வீட்டுப் பக்கமே அண்டவிடாமல் பார்த்துக்கொண்டாளாம். அப்படிக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா? மாமியார் சொல்லட்டுமே, நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எனக்கும் வாய் இருக்கிறது. அவள் பயந்தது என் மனசுக்காக இல்லை. நான் அங்கே போய் உட்கார்ந்தால் அவள் யார் பக்கம் என்று அவள் சொல்லியாக வேண்டும். ஃப்ரைடு ரைஸ் வாங்கிக் கொடுத்து ஒன்பது வருடம் அதிலிருந்து தப்பித்திருக்கிறாள்.

இது எல்லாவற்றையும் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"உனக்கு அப்டி கெடையாதுன்னா ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வா. எங்கம்மா ஆக்கிப் போடும். உக்காந்து சாப்டு." தமிழ் டீச்சரையும் கூப்பிட்டேன்.

"வர்றேன்டி, அதுக்கின்னா இப்போ?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நம்பினேன். அவள் என் வீட்டில் ஒரு கவளம் தின்றால் போதும், மாமியாரை அவள் எப்படியோ சமாளிக்கட்டும், நான் எல்லாவற்றையும் விட்டுவிடத் தயாராக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா விடியும் முன்னே எழுந்துவிட்டாள். விழுப்புரத்தில் நாங்கள் இருப்பது இரண்டு அறை உள்ள வாடகை வீடு. நாட்டுக்கோழி வாங்கி வந்து அம்மியில் மசாலா அரைத்துக் குழம்பு வைத்தாள். மிக்சியில் அரைத்தால் டீச்சர்களுக்கு ருசிக்காது என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். முட்டை அவித்து உரித்து வைத்தாள். புதிதாக மூன்று எவர்சில்வர் தட்டு வாங்கி, ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்து, இரண்டு தரம் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அந்தத் தட்டைக் கழுவும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்கு இருவரும் வந்தார்கள். அறிவியல் டீச்சர் கையில் பெரிய பிளாஸ்டிக் பை. உள்ளே வந்ததும் வராததுமாக, "நம்ம ஸ்டேஷன் கடையிலதான், இப்பதான் போட்டு வாங்கினு வர்றேன். சூடு ஆறதுக்குள்ள ஜல்தி உக்காருங்க" என்று பையைப் பிரித்தாள். ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், சில்லி சிக்கன். அதற்கடியில் ஒரு கட்டு பேப்பர் பிளேட்டு. பிளாஸ்டிக் ஸ்பூன். மூன்று தண்ணீர் பாட்டில்.

தண்ணீர் பாட்டில்கூட.

"அம்மாவுக்கு எதுக்கு வீண் செரமம்? பாத்திரம் கழுவற வேலையும் இல்ல பாருங்க" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அம்மா கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பேப்பர் பிளேட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் குழம்புச் சட்டியை மூடினாள். மூடுகிற சத்தம் கேட்டது.

நான் புதுத் தட்டு ஒன்றை எடுத்து வந்து அறிவியல் டீச்சர் முன்னால் வைத்தேன். நானே சோறு போட்டு, சட்டியைத் திறந்து குழம்பும் ஊற்றினேன். "எங்க வீட்ல சோறு ஆக்கியிருக்குது. சாப்டறதுன்னா இத சாப்டு. இல்லன்னா பையை எடுத்துக்கினு கெளம்பு" என்றேன்.

"இன்னாடி இது, சின்னப் புள்ளையாட்டம்" என்றாள். தட்டைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குழம்பையே பார்த்தாள். பிறகு, காலையிலிருந்து தலைவலி என்றும், இரண்டு மணி பஸ்ஸை விட்டால் ஊருக்கு வேறு பஸ் இல்லை என்றும் சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

தமிழ் டீச்சர் எழவில்லை. "எனக்குப் போடுங்கம்மா" என்று ஒரு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு தலை நிமிராமல் சாப்பிட்டாள். அதற்காக அவளை நான் மன்னிக்கவில்லை. ஒன்பது வருடமாகத் தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்து தின்றவள்.

பை நாற்காலியிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு தெருமுனைவரை ஓடி, ஆட்டோவில் ஏறப் போனவள் கையில் திணித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அவளுக்குப் போட்ட சோற்றை அம்மா தன் முன்னால் வைத்துப் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குக் கூப்பிடலையா என்று அன்றைக்கு அவள் கேட்டதை மறுபடி கேட்கவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது ரயிலில் வேறு பெட்டியில் போகிறேன், தனியாகச் சாப்பிடுகிறேன். தினமும் சாயங்காலம் அந்த மாடிக்கடையைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். வினிகர் வாடை கீழே இறங்கி வரும். எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. அவள்மேல் இருக்கிற கோபத்தைவிட, அந்த எச்சில்மேல்தான் எனக்குக் கோபம்.